சவரிராயன் படகின் விளக்குகள்

சவரிராயன் தன் படகின் விளக்குக் கம்பிகளையெல்லாம் மூன்றாவது முறையாகப் பிடுங்கிப் போட்டுவிட்டார் என்ற செய்தியை அந்தோணிமேரியிடம் கொண்டுவந்தவள் மீன்காரி அஞ்சலாட்சி. கூடையை இறக்கி வைத்து, சும்மாட்டுத் துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"தேங்காத்திட்டுப் பக்கம் போயிருந்தேன்மா. உன் வூட்டுக்காரரு கம்பிய உருவி உருவி கரையில போட்டுக்கினு இருந்தாரு. போன மாசந்தானே புதுசா இழுத்தீங்கன்னு கேட்டா வாயே தொறக்கல. ஜனங்க என்னென்னமோ பேசுதுங்க. சைகோன் பட்டாளத்துல எதனா பாத்து பயந்துட்டாரோ என்னமோ. ஒருவாட்டி வேளாங்கண்ணிக்கு இட்டுக்கினு போயேன்."

அந்தோணிமேரி சங்கரா மீன் நாலு எடுத்துக்கொண்டாள். அஞ்சலாட்சி தெருமுனை திரும்பிய பிறகும் அந்த மீனைக் கழுவ அவளுக்குக் கை ஓடவில்லை.

அவளுக்கும் சவரிராயனுக்கும் குருசுக்குப்பத்தில் கல்யாணமானது நாற்பத்தைந்தாம் வருஷம். எட்டு மாதம் குடித்தனம் நடத்தினார்கள். அப்புறம் அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவுக்குக் கப்பலேறினார். நடுவில் ஒரே ஒரு முறை, நாற்பது நாள் லீவில் வந்து போனார். பட்டாளம் அவரை விட்டது ஐம்பத்தைந்தில். அதற்குள் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடியே இறங்கிவிட்டது. தகரப் பெட்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றவரைப் பார்த்து, யாரோ விலாசம் கேட்க வந்திருக்கிறார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.

வந்தவர் நல்லவர்தான். குடி இல்லை, கைநீட்டல் இல்லை. போர்வையைப் பட்டாளத்து மடிப்பாக மடித்து வைப்பார். கிணற்றில் தண்ணீர் இறைத்து ஊற்றுவார். ஆனால் பேச்சு இல்லை. சோறு போட்டால் 'மெர்சி' என்று பிரெஞ்சில் நன்றி சொல்வார், ஹோட்டலில் சாப்பிடுகிறவர் மாதிரி. அந்த ஒரு சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு எங்காவது போய்விடலாம் போலிருக்கும். குழந்தையும் இல்லை. கன்னியாஸ்திரீகளிடம் கற்றுக்கொண்ட பூத்தையல் இருந்தது. மேஜை விரிப்புகளிலும் தலையணை உறைகளிலும் பூப்போட்டுக் கொடுத்து, பத்து வருஷம் தனியாகவே காலந்தள்ளிப் பழகியிருந்தாள். இப்போது வீட்டில் ஆள் இருக்கும்போதுதான் தனிமை அதிகமாகத் தெரிந்தது.

போன வருஷம் அவர் இந்தப் படகை வாங்கினார். ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்கார வக்கீல், தேங்காய்த்திட்டு ஆற்றங்கரையில் தென்னந்தோப்பில் குப்புறக் கவிழ்த்துவிட்டுப் போன சின்னப் பாய்ப்படகு. பதினெட்டு அடி நீளம், தேக்குப் பலகை. முன்பக்கம் ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு ஒரு குச்சு அறை. எதற்கு இது என்று அவள் கேட்டதற்கு, "சும்மா இருக்க முடியல" என்றார். பட்டாளத்தில் அவருக்கு ஆற்றில் ஓடுகிற லாஞ்சு மோட்டார் படகுகளில் மின்சார வேலை என்பது அவளுக்குத் தெரியும். அதோடு சரி.

மீனை உப்புப் போட்டு மூடி வைத்துவிட்டு, அன்றைக்கு முதல் முறையாக அந்தோணிமேரி தேங்காய்த்திட்டுக்குப் போனாள்.

படகு நிமிர்ந்து கட்டைகள்மேல் நின்றது. பலகை இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் அடைத்து, எண்ணெய் பூசி, பார்க்கப் புதிதுபோல இருந்தது. மணலில் கறுப்பு ரப்பர் கம்பிகள் சுருண்டு கிடந்தன. சவரிராயன் கரி அடுப்பில் ஈயம் பற்றவைக்கிற பற்றுக்கோலைப் பழுக்கவைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வீட்டுக்கு விருந்தாளி வந்ததுபோல ஒரு பலகையைத் துடைத்துக் காட்டினார்.

அவள் உட்காரவில்லை. கீழே கிடந்த ஒரு கம்பியை எடுத்து, இரண்டு துண்டு சேர்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். தாமிர இழைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னி, மேலே ஈயம் வழவழப்பாக ஓடிப் படிந்திருந்தது. பூத்தையலில் நூல் முடிச்சு வெளியே தெரியாமல் மறைக்கிறவளுக்கு நல்ல வேலை எது என்று தெரியாதா?

"இதுல என்ன குத்தம்?"

"பாத்தா தெரியாது."

"பாத்தா தெரியாத குத்தம் உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

அவர் பற்றுக்கோலைத் திருப்பிப் போட்டார். அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் போகவும் மனம் வரவில்லை. படகுக்குள் எட்டிப் பார்த்தாள். வக்கீல் காலத்துப் பழைய கம்பிகள் ஒரு மூலையில் குவிந்திருந்தன. பருத்தி நூல் சுற்றிய கம்பிகள். நூல் இற்று, தாமிரம் கறுத்து, முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அவற்றை எடுத்தது நியாயம். ஆனால் இந்தப் புதுக் கம்பிகளை?

படகின் மூக்கு நுனிக்குக் கம்பியைக் கொண்டுபோகச் சவரிராயன் படுகிற பாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்த மூக்கில் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு. அவற்றுக்குக் கம்பி குச்சு அறைக்குள் ஒரு குறுகிய பொந்து வழியாகப் போகவேண்டும். அவருடைய தோள் அதற்குள் நுழையவில்லை. ஒரு கொக்கிக் குச்சியை வைத்துக் குத்துமதிப்பாகத் துழாவிக்கொண்டிருந்தார்.

"நகருங்க" என்றாள்.

புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு உள்ளே தவழ்ந்தாள். குங்கிலிய நெடி மூச்சை அடைத்தது. கம்பியின் நுனியைப் பிடித்து, பலகையோடு பலகையாக ஓட்டி, விளக்குத் துவாரத்தில் வெளியே தள்ளினாள். வெளியே அவர் பிடித்துக்கொண்டார். கம்பி மெதுவாக அவள் விரல்களுக்கிடையே நகர்ந்தது. "போதும்" என்றார். "இன்னும் ஒரு சாண் விடுங்க. படகு ஆடுறப்ப இழுபடாது" என்றாள். வெளியே அவர் ஒரு சாண் சேர்த்து விட்டார். பிறகு, "சரிதான்" என்றார்.

அதற்கப்புறம் அவள் தினமும் மத்தியானம் போக ஆரம்பித்தாள். எந்தக் கம்பி எங்கே போகிறது, ஃபியூஸ் எங்கே, சுவிட்ச் எங்கே என்பதெல்லாம் பத்து நாளில் மனப்பாடமாகிவிட்டது. வக்கீல் பேட்டரியைப் பின்னாசனத்துக்கு அடியில் வைத்திருந்தார். படகுக்குள் சேருகிற தண்ணீர் அங்கேதான் தேங்கும். சவரிராயன் அதைக் குச்சு அறைக்கு மாற்றினார். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் பலகைப் பெட்டி அடித்து, அதில் வாடகைக்கார் பேட்டரி ஒன்றை இறக்கினார். பாய்மரத்தின் உச்சியில் ஒரு வெள்ளை விளக்கு. மரத்தை இறக்கும்போது கழற்ற வசதியாக அதன் அடியில் பித்தளைச் சொருகி. இதெல்லாம் அவர் புதிதாக யோசித்துச் செய்தவை.

பாய் இரண்டாகக் கிழிந்திருந்தது. "நீதான் தையல்காரியாச்சே மேரி, தைச்சுக் குடேன்" என்றார்.

"என் கை பட்டுநூல்ல பூப்போடற கை. கித்தானுக்குக் கோணி ஊசி குத்தணும். பட்டாளத்துக்காரரு நீங்க, கூடாரம் தைச்சிருப்பீங்க. பாயை நீங்க தையுங்க, கம்பிய நான் பாத்துக்கறேன்."

அவர் சிரித்தார். அவர் சிரிப்பை அவள் பார்த்தே எத்தனையோ வருஷமாயிற்று. ஆம்பிளை தென்னை மரத்தடியில் உட்கார்ந்து தைக்கிறதையும், பொம்பிளை குறடும் திருப்புளியுமாகப் படகுக்குள் தவழ்கிறதையும் அம்மாவாசை என்கிற தோப்புக்காரர் தினமும் வந்து வேடிக்கை பார்ப்பார். "காலம் தலைகீழா போச்சுபா" என்று சொல்லிவிட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்.

எல்லாம் முடிந்தது. சுவிட்சைப் போட்டால் மூன்று விளக்கும் எரிந்தன. மறுநாள் அவள் போனபோது, சவரிராயன் குச்சு அறையின் வாசலில் குறடோடு மண்டியிட்டிருந்தார். சிவப்பு விளக்கின் கம்பி ஏற்கனவே வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தோணிமேரி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"இது நான் இழுத்த கம்பி. இதைப் பிடுங்கணும்னா காரணம் சொல்லிட்டுப் பிடுங்குங்க."

குறடு மணலில் விழுந்தது. ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பாவாடைன்னு ஒருத்தன் இருந்தான், மேரி. கனகசெட்டிக்குளத்துக்காரன். என்னோட லாஞ்சுல முன்னால நின்னு ஆழம் பாத்து சொல்றவன். அம்பத்தொண்ணு, மழைக்காலம். முன்விளக்கு ஒண்ணு சரியா எரியல. காலைல நான்தான் பிரிச்சுக் கட்டினேன். மழை கொட்டுது, கிளம்பணும்னு கத்தறாங்க. அவசரத்துல கட்டினேன். அன்னிக்கு இருட்டினதும் விளக்கு அவிஞ்சு போச்சு. எதிர்ல வந்த எங்க பட்டாளத்து லாஞ்சே எங்க மேல மோதிடுச்சு. முன்னால நின்னவன் அவன்தான்."

"அப்புறம்?"

"லாஞ்ச் முழுகிப் போச்சு. யாரும் எதையும் பிரிச்சுப் பாக்கல. யார் மேலயும் தப்பு இல்லன்னு எழுதிட்டாங்க." அவர் தொங்கிய கம்பியை விரலில் சுற்றினார். "என் முடிச்சுதான் விட்டிருக்கும்."

உங்கள் தப்பில்லை என்று சொல்லலாம். ஆனால் அது அவளுக்குத் தெரியாதே. தெரியாததைச் சொன்னால் அவர் கண்டுபிடித்துவிடுவார். அவள் அந்தக் கம்பியை அவர் விரலிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டு, உள்ளே தவழ்ந்துபோய் மறுபடி மாட்டினாள். அவர் தடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் படகை ஆற்றில் இறக்கினார்கள். அம்மாவாசை நாலு ஆட்களோடு வந்து தள்ளிக் கொடுத்து, முகத்துவாரத்தில் மணல்மேடு எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொண்டு கூடவே கரையில் நடந்தார். "வெளிச்சத்துல திரும்பிடுங்க. தெக்கத்திக் காத்து. போறப்ப சொகமா இருக்கும், வரும்போது எதுத்துக்கினுதான் வரணும்" என்று கத்தினார்.

அவர் சொன்னபடியே போகும்போது சுகமாக இருந்தது. பாய் புடைத்துக்கொண்டு படகு வடக்கே வழுக்கிக்கொண்டு போயிற்று. கடலிலிருந்து ஊரை அந்தோணிமேரி பார்த்ததே இல்லை. கலங்கரை விளக்கமும் கோவில் கோபுரங்களும் சின்னச் சின்னதாக வரிசை கட்டி நின்றன. குருசுக்குப்பத்துக் கரையில் கட்டுமரங்கள் தீக்குச்சிகள்போலக் கிடந்தன. "அதோ நம்ம கெணத்தங்கரைப் புளியமரம்!" என்று அவள் எழுந்தே விட்டாள். "உக்காரு, உக்காரு" என்று அவர் சிரித்தார். திரும்பவேண்டிய நேரத்தை இருவரும் மறந்தார்கள்.

திரும்பும்போது காற்று எதிரே நின்றது. இப்படியும் அப்படியும் வளைத்து வளைத்து வரவேண்டியிருந்தது. முகத்துவாரம் கண்ணுக்குத் தெரியும்போதே சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கிவிட்டது. சவரிராயன் சுவிட்சைப் போட்டார். சிவப்பும் பச்சையும் தண்ணீரில் சிந்தின. அவளுக்குப் பெருமையாக இருந்தது.

நங்கூரமிட்டிருந்த கப்பலில் சரக்கை ஏற்றிவிட்டுக் கரைக்குத் திரும்புகிற சலங்கு ஒன்று தூரத்தில் வந்தது. பன்னிரண்டு பேர் துடுப்புப் போடுகிற பெரிய படகு. அந்த நேரம் பார்த்து ஒரு அலை மூக்கைத் தூக்கி அடித்தது. மூன்று விளக்கும் ஒன்றாக அவிந்தன.

"ஏங்க" என்றாள்.

சவரிராயன் சுக்கானைப் பிடித்த கை பிடித்தபடி இருந்தது. கண் அந்தச் சலங்கு வந்த திசையிலேயே குத்திட்டு நின்றது. துடுப்புச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. "திருப்புங்க! படகைத் திருப்புங்க!" என்று கத்தினாள். அவர் காதில் அது விழவில்லை.

அவள் குச்சு அறைக்குள் பாய்ந்தாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கை மட்டும் வழி தெரிந்ததாக ஓடியது. சுவிட்ச் பலகை. ஃபியூஸ், அது கெட்டியாக இருந்தது. அங்கிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டே பேட்டரிப் பெட்டி. பேட்டரி முனையைக் கவ்வியிருந்த ஈய வளையம் அவள் விரல் பட்டதும் லொடலொடவென்று சுழன்றது. அதை இரண்டு கையாலும் அழுத்தினாள். வெளியே வெளிச்சம் வந்தது.

"டேய், படகுடா! நிறுத்து, நிறுத்து!" என்று சலங்கிலிருந்து குரல்கள் எழுந்தன. துடுப்புகள் தண்ணீரை எதிர்ப்புறமாக அறைகிற சத்தம் கேட்டது. பத்து முழத்துக்குள் அந்தப் பெரிய கறுப்பு உடம்பு கடந்து போயிற்று. துடுப்புக்காரன் ஒருவன் அவர்கள் பரம்பரையையே இழுத்து வைதுவிட்டுப் போனான். அவள் ஒரு கையால் வளையத்தை அழுத்திக்கொண்டே, மறு கையால் திருகாணியை முடுக்கினாள். விரல் நகம் பிய்ந்தது.

வெளியே வந்து பார்த்தால் சவரிராயன் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கைமேல் கைவைத்துச் சுக்கானைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார்.

"எந்த முடிச்சு?"

"முடிச்சு இல்ல. பேட்டரி வளையம் தளர்ந்துடுச்சு." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "அதை மத்தியானம் முடுக்கினது நான். கை வலிக்க வலிக்க முடுக்கினேன். அவசரம்கூட இல்ல. அப்படியும் தளர்ந்துடுச்சு."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"சலங்கு மோதி நீங்க போயிருந்தா, நான்தான் உங்களக் கொன்னேன்னு ஆயிடுமா?"

"சேச்சே. என்ன பேச்சு இது?"

"அப்ப உங்களுக்கு மட்டும் ஏன் அந்தக் கணக்கு?"

அவர் சுக்கானை மெல்லத் திருப்பினார். "அன்னிக்கும் இப்படி ஏதாவது தளர்ந்திருக்குமோ?" என்றார்.

"தெரியாதுங்க. எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆனா ஆறு வருஷமா தெரிஞ்ச மாதிரியே இருந்துட்டீங்க."

முகத்துவாரத்தில் அம்மாவாசை தென்னம்பாளையைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். அவரும் வாய்க்கு வந்தபடி வைதார்.

இரண்டு நாள் சவரிராயன் படகுப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "பாவாடை பொஞ்சாதி இன்னும் கனகசெட்டிக்குளத்துலதான் இருக்குதாம்" என்றார். "நானும் வரேன்" என்று அந்தோணிமேரி புடவை மாற்றிக்கொண்டாள். மரக்காணம் பஸ்ஸில் வழி நெடுக அவர் வேட்டி நுனியைக் கசக்கிக்கொண்டே வந்தார்.

பாவாடையின் மனைவி தனக்கொடி முற்றத்தில் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. வெயிலில் கறுத்த முகம். சவரிராயன் தன் பேரைச் சொன்னதும் அவளுக்கு ஆள் தெரிந்துவிட்டது. பாவாடை கடிதங்களில் எழுதியிருந்தானாம். பாய் விரித்தாள். சவரிராயன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மழை, அவசரம், தான் கட்டிய விளக்கு, இருட்டு, மோதல். ஒன்றையும் குறைக்கவில்லை. சொல்லிவிட்டு, தீர்ப்புக் கேட்கிறவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

தனக்கொடி கருவாட்டுத் தட்டை அப்படியே கீழே வைத்தாள்.

"முழுகி செத்துட்டாருன்னு ஒரு காயிதம் வந்துதுண்ணே. அவ்ளோதான் எழுதியிருந்துது. கடல்ல பொறந்து கடல்ல வளந்த ஆளு. ஆத்துல எப்பிடி முழுகினாருன்னு ஊரே என்னெ கேட்டுது. குடிச்சிருப்பான்னு சொன்னாங்க. சண்டைக்கு பயந்து குதிச்சிருப்பான்னு சொன்னாங்க. நான் என்னான்னு பதில் சொல்றது?" அவள் குரல் உயர்ந்தது. "வெளக்கு அவிஞ்சதுக்கு உன்னெ கேக்கல. நீ வந்து ரெண்டு வருசம் ஆவுது. ஒரு நாள் வந்து இப்பிடித்தான்னு சொல்ல உனுக்கு கால் இல்லியா?"

அந்தோணிமேரி வாயைத் திறக்கப் போனாள். அப்புறம் பேசாமல் இருந்துவிட்டாள். இது அவர் வாங்கிக்கொள்ளவேண்டிய கோபம். உள்ளபடிக்கு அவர் செய்த தப்பும் இது ஒன்றுதான்.

"தப்புதான், தங்கச்சி" என்றார் அவர். "பயமா இருந்துது."

தனக்கொடி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, உள்ளே போய் மூன்று லோட்டாவில் மோர் கொண்டுவந்தாள். அதற்குப் பிறகுதான் சவரிராயன் பாயில் உட்கார்ந்தார்.

"மோதறப்ப அவரு என்னா பண்ணாரு?"

"கத்தினான். எங்களப் பின்னால போகச் சொல்லிக் கத்தினான். அவன் கத்தலன்னா நானும் முன்னாலதான் இருந்திருப்பேன்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அதைப் பத்திரமாக எங்கோ எடுத்து வைத்துக்கொள்கிறவள்போல இருந்தது.

"அங்க சோறு கெடைச்சுதா அவருக்கு? கருவாடு இல்லாம எறங்காதே."

"கருவாடா?" சவரிராயன் நிமிர்ந்தார். "சைகோன் மார்க்கெட்டுல ஒரு கிழவிகிட்ட வாராவாரம் சண்டை. இவன் தமிழ்ல திட்டுவான், அது அதோட பாஷைல திட்டும். கடைசில அதுவே ஒரு கை அள்ளிக் கொசுறா போடும். இவன் லீவுல இருந்தா, 'அந்தக் கறுப்பன் எங்க?'ன்னு எங்ககிட்ட கைய காட்டிக் கேக்கும்." கிழவி கையை எப்படி ஆட்டுவாள், பாவாடை எப்படி இடுப்பில் கைவைத்து நிற்பான் என்று நடித்தே காட்டினார். தனக்கொடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே மறுபடி அழுதாள். "அப்புறம்?" என்றாள்.

ரோட்டில் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. அந்தோணிமேரி வேலி ஓரத்துக்குப் போய், நாங்கள் அடுத்த வண்டியில் வருகிறோம் என்று கண்டக்டருக்குக் கைகாட்டி அனுப்பினாள். திரும்பி வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவர் இப்போது அந்த ஊர் மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கும் அதெல்லாம் புதிதாகத்தான் இருந்தது.